புலி போன ஊரில் ஒரு முதலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை, சிங்கப்பூரின் சதுப்புநிலக் காப்பகமான சுங்கை பூலோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிராஞ்சியில் 925 பேருந்து ஏறினோம். அம்மாவுக்கு 74 வயது. மூட்டுவலி. "பறவை பாக்கறதுக்கா இவ்வளவு தூரம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். முதலை என்று சொன்னால் வரமாட்டார் என்று நினைத்து நான் சொல்லவில்லை.

பாலத்தில் கூட்டம் நின்றது. நீர் வடியும் நேரம். சதுப்புநில மரங்களின் வேர்களுக்குக் கீழே சேறு பளபளத்தது. கரையோரம் ஒரு மரக்கட்டை மாதிரிதான் முதலில் தெரிந்தது. முதுகில் சேறு காய்ந்து சாம்பல் நிறமாக வெடித்திருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் ஈரம், கருப்பு. வாய் பாதி திறந்திருந்தது. மஞ்சளேறிய ஒரு பல்லின்மேல் ஒரு ஈ உட்கார்ந்து, நடந்து, பறந்து, திரும்ப அதே பல்லில் வந்து உட்கார்ந்தது. தொண்டைத் தோல் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. வேறு அசைவே இல்லை.

பக்கத்தில் இரண்டு தம்பிகள். கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் போல, விடுமுறை நாளில் நல்ல சட்டை போட்டிருந்தார்கள். "டேய், பொம்மைடா" என்றான் ஒருவன். இன்னொருவன், "பொம்மைக்கு எதுக்குடா இத்தன எச்சரிக்கை பலகை?" என்றான். ஒரு அப்பா மகளைத் தூக்கிக் கைப்பிடிக்கு மேலே காட்டினார். எனக்கு வயிறு கலங்கியது. எங்களுக்குப் பின்னால் ஒருவர், நல்ல தமிழில், சற்று உரக்கவே சொன்னார்: "இதையெல்லாம் ஏன் இன்னும் விட்டு வச்சிருக்காங்க? யாரையாவது கடிச்ச அப்புறம்தான் செய்வாங்களா?"

அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முதலையைப் பார்த்துக் கைகூப்பினார். கோயிலில் கும்பிடுவது மாதிரி நெஞ்சுக்கு நேராக இல்லை. வீட்டுக்கு வந்த பெரியவரைப் பார்த்து வைப்பது மாதிரி, சின்னதாக.

அன்றிலிருந்து அந்த மூன்று பேரும் என் மண்டைக்குள் இருக்கிறார்கள்: பொம்மை என்ற தம்பி, ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவர், கைகூப்பிய அம்மா. அந்த முதலை இன்னும் பத்து வருடம் உயிரோடு இருக்குமா என்பது அதன் பல்லிலோ தோலிலோ இல்லை. இந்த மூன்று மனங்களில் எது ஊரில் பெருகுகிறது என்பதில்தான் இருக்கிறது. நான் இப்படி நம்பத் தொடங்கி வெகுநாளாகிறது. சொல்லத்தான் நேரம் வரவில்லை.

2023 அக்டோபரில் மரினா ஈஸ்ட் கடற்கரையில் ஒரு முதலை கரையேறியது நினைவிருக்கும். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். பிடித்தார்கள். சில நாளில் அதைக் கருணைக்கொலை செய்துவிட்டதாகத் தேசியப் பூங்காக் கழகம் அறிவித்தது. பொதுமக்கள் பாதுகாப்புதான் காரணம். பலருக்குக் கோபம், எனக்கும்தான். சுங்கை பூலோவில் கொண்டுபோய் விட்டிருக்கலாமே என்று அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம் படித்தபோது விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. உவர்நீர் முதலைக்குத் தன் இடம் தெரியும். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையில் ஒரு பெரிய ஆண் முதலையை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்த் தீபகற்பத்தின் மறுகரையில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது முனையைச் சுற்றி நீந்தி, 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, பிடித்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. சிங்கப்பூர் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்குக்கு 50 கிலோமீட்டர்தான். இங்கே எங்கே கொண்டுபோய் விட?

சரி, அப்படியென்றால் கொன்றது சரியா? எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று புரிகிறது. நாளைக்கு ஒரு பிள்ளையை அது இழுத்துக்கொண்டு போயிருந்தால், இன்று கருணை பேசும் நாமே முதலில் கேட்டிருப்போம், ஏன் விட்டு வைத்தீர்கள் என்று. அதிகாரிக்கு இது தெரியும். அவர் முதலையை எடைபோடுவதைவிட நம் கோபத்தைத்தான் எடைபோடுகிறார்.

இந்த ஊர் இதே கணக்கை ஒருமுறை போட்டு முடித்திருக்கிறது. புலி விஷயத்தில்.

புலி மனிதரைக் கொன்ற செய்தி சிங்கப்பூர்ப் பத்திரிகையில் முதன்முதலில் வந்தது 1831இல். அதன்பின் கம்பீர் (தோல் பதனிட உதவும் ஒரு செடி), மிளகுத் தோட்டங்கள் தீவின் உள்ளே பரவின. கம்பீர் இலையைக் கொதிக்கவைக்க விறகு மலைமலையாக வேண்டும். மண்ணும் சில வருடங்களில் செத்துவிடும். உடனே அடுத்த காட்டை வெட்டுவார்கள். புலி இருந்த இடத்துக்கு மனிதர் போனார்கள். எதிர்க்கரையான ஜொகூரிலிருந்து நீரிணையை நீந்திக் கடந்தும் புலிகள் வந்தன. 1854இல் புக்கிட் தீமாவில் தங்கியிருந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், சராசரியாக நாளுக்கு ஒரு சீனத் தொழிலாளியைப் புலி கொல்கிறது என்று எழுதினார். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமோ, ஊர் அப்படித்தான் பேசியது. காட்டில் புலிக்குழிகள் இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். 15, 20 அடி ஆழம், மேலே குச்சியும் இலையும் போட்டு மூடியிருக்கும். முன்பெல்லாம் அடியில் கூரான கழி நட்டிருப்பார்களாம். ஒரு வழிப்போக்கர் தவறி விழுந்து செத்தபிறகுதான் கழி நடுவதைத் தடைசெய்தார்களாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. தோட்ட முதலாளிகள் பல சாவுகளை வெளியே சொல்லவில்லை. சொன்னால் கூலிகள் வேலைக்கு வர அஞ்சுவார்கள். ஆக, செத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. அரசாங்கம் புலித்தலைக்குப் பரிசை உயர்த்திக்கொண்டே போனது. 1860 வாக்கில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு இங்கே தண்டனை அனுபவித்த கைதிகளையும் குழு குழுவாகப் புலி வேட்டைக்கு அனுப்பினார்கள். புலிக்கு இரையானவர் ஏழைச் சீனக் கூலி. புலியைக் கொல்லப் போனவர் ஏழை இந்தியக் கைதி. புலியைப் பற்றி முடிவெடுத்தவர் இருவருமே இல்லை.

தேசிய அரும்பொருளகச் சேகரிப்பில் ஒரு பழைய அச்சுப்படம் உண்டு. 1835இல் கோல்மன் என்ற பொதுப்பணி அதிகாரி காட்டில் சாலை அளந்துகொண்டிருக்கும்போது புலி பாய்ந்த காட்சி. அளவைக்கருவி சாய்கிறது, அதிகாரி தடுமாறுகிறார், சுற்றியிருக்கும் கைதிகள் சிதறி ஓடுகிறார்கள். யாருக்கும் அடிபடவில்லையாம். 30 வருடம் கழித்து ஒரு ஜெர்மானிய ஓவியர் வரைந்தது. அந்தப் படத்தை எத்தனைமுறை பார்த்தாலும் என் கண் அந்த ஓடும் மனிதர்கள்மேல்தான் போகும். எந்த ஊர்க்காரர்களோ. வேலையும் அவர்கள் தேடி வந்ததில்லை, புலியும் அவர்கள் தேடி வந்ததில்லை.

கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிகளும் கல்லறைத் தோட்டமும். நூறு ஆண்டுக்குள் ஒரு தீவு தன் புலியை முழுதாக முடித்துவிட்டது.

அம்மா பிறந்தது ஜொகூரில், கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தா பால்மரம் சீவியவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார்களாம். தோட்டத்தின் ஓரத்தில் காடு. காட்டில் புலி. ஆனால் புலி என்ற சொல்லை அந்த நேரத்தில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் 'டத்தோக்' என்பார்கள். தாத்தா என்று பொருள். பாட்டியும் அதையே பிடித்துக்கொண்டார். "டத்தோக் நடந்துட்டுப் போயிருக்காரு, இன்னிக்கு அந்த நிரை வேணாம்" என்பாராம்.

அந்த 'வேணாம்' என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. உடம்பெல்லாம் பயம். ஒருத்தி மட்டும் தனியாகப் பால் வடியும் மங்கு துடைக்கப் போகமாட்டாள். போனால் பால்வாளி சுமக்கும் காண்டாக்கம்பால் வாளியைத் தட்டிக்கொண்டே போவாள். ஈர மண்ணில் தடம் கண்டால் வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஓடிச் சொல்வார்கள், அன்றைக்கு வேறு நிரை கொடுப்பார். தாத்தா ஒருமுறை பார்த்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண், அவ்வளவுதான். அசையாமல் நின்று, பின்னாலேயே காலெடுத்து வந்திருக்கிறார். ஓடவில்லை. "ஓடியிருந்தா நீ இல்ல, நானும் இல்ல" என்று அம்மா இன்றும் சொல்வார். சுங்கை பூலோவில் முதலையைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதுவேதான்: பதறாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள், நெருங்காதீர்கள், சீண்டாதீர்கள், தீனி போடாதீர்கள்.

அந்தத் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. 1950களில் தீபகற்ப மலேசியாவில் 3,000 புலி இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கில் காட்டில் மிஞ்சியவை 150க்கும் குறைவு. காடு போனது ஒரு காரணம். இன்னொன்று கம்பிக் கண்ணி. சைக்கிள் பிரேக் கம்பி போல ஒன்றை வளைத்து மண்ணில் புதைத்துவிட்டுப் போனால், மான் மாட்டுகிறதா புலி மாட்டுகிறதா என்று அது பார்ப்பதில்லை. இந்த 150ஐ நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "எங்க தோட்டத்துல இருந்து பார்த்தா ஊரெல்லாம் புலின்னு நினைச்சோம்" என்றார்.

இனி நான் வெட்கப்படும் ஒன்றைச் சொல்லவேண்டும்.

2021இல் நீலகிரியில் டி23 என்ற புலி. கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரின் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. சுட்டுப் பிடிக்க உத்தரவு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம், உடனே கொன்றுவிடவேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது. கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் என்று மூன்று வாரம் தேடினார்கள். அந்த நாட்களில் நான் இங்கே உட்லண்ட்ஸில் பத்தாவது மாடியில் உட்கார்ந்து, புலியைக் காப்பாற்றுங்கள் என்ற மனுவைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் அலுவலகத் தம்பி ஒருவனுக்கும் அனுப்பினேன். அவன் ஊர் கூடலூர் என்று எனக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்திய-இலங்கை அரசுகளின் ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பம். அது தெரிந்தும் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் அவன் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் கோப்பிக்கடையில் எதிரில் உட்கார்ந்தான். தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "அக்கா, எங்க அம்மா நாலு நாளா கொழுந்து பறிக்கப் போகல. போகலைன்னா சம்பளம் இல்ல. இதுல கையெழுத்து போட்டவங்க யாராச்சும் எங்க அம்மாவுக்கு அந்த நாலு நாள் சம்பளத்த குடுப்பாங்களா?"

என்னிடம் பதில் இல்லை.

அவனே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "புலிய கொல்லணும்னு நான் சொல்லல. எங்க ஊர்லயும் எல்லாரும் அப்படிச் சொல்லல. புலி காட்டுல இருக்கும்னு தெரியாதா எங்களுக்கு? புலிக்காகப் பேசுறவங்க யாரும் எங்ககூட ஒரு நாள் வந்து உக்காரலையே, அதான்." அக்டோபர் 15ஆம் தேதி டி23 உயிரோடு பிடிபட்டு மைசூருக்குப் போனது. அன்று மாலை அவன் எனக்கு அனுப்பிய செய்தி ஒரே வரி. "அம்மா நாளைக்கு வேலைக்குப் போறாங்க அக்கா."

தமிழ்நாட்டில் 2006இல் 76ஆக இருந்த புலிகள் 2022 கணக்கில் 306. இந்த எண்ணை முன்பு பெருமையோடு சொல்லித் திரிந்தேன். இப்போதும் மகிழ்ச்சிதான். ஆனால் அதில் வனத்துறையின் உழைப்போடு, அந்தத் தம்பியின் அம்மா போகாமல் விட்ட வேலைநாட்களும் இருக்கின்றன. அதை யாரும் எண்ணுவதில்லை. அன்றைய கம்பீர்த் தோட்டச் சாவுகளை எண்ணாததைப் போலவே.

மனம் மாறினால் விலங்கு பிழைக்கும் என்பதற்கு மும்பையைத்தான் அடிக்கடி நினைப்பேன். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள், உள்ளே சிறுத்தைகள். ஒரு காலத்தில் சிறுத்தையைக் கண்டாலே கூண்டு வை, பிடித்துப்போய் வேறிடத்தில் விடு என்பதுதான் வழி. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2000த்தின் தொடக்கத்தில் அப்படிப் பிடித்து விட்ட சிறுத்தைகளை வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா ஆராய்ந்தார். இடம் மாற்றி விட்டபின் மனிதர்மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியிருந்தது. வழி தெரியாத ஊரில் விடப்பட்ட மிருகம் வேறென்ன செய்யும்? மும்பையில் 2011 முதல் வனத்துறையும் ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, குப்பையை அகற்று, தெருநாய் பெருகவிடாதே, இரவில் பிள்ளையைத் தனியே அனுப்பாதே, சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் கூடாதே என்று குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் பேசினார்கள். அங்கே வார்லி பழங்குடியினர் காலங்காலமாக வாகோபா என்று பெரும்பூனையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். நகரத்துக்காரர்களுக்குப் பிறர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, அவர்களுக்கு அது பாட்டி சொன்னது. எங்கள் பாட்டியின் டத்தோக் மாதிரி.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நீர்நாய் என்றால் எல்லோருக்கும் உயிர். 1998இல் திரும்பி வந்தவை இன்று நகரின் நடுவே குட்டிகளோடு ஓடுகின்றன, நின்று வழிவிடுகிறோம். வளர்ப்புக் கொய் மீன்களைத் தின்றுவிட்டால் மட்டும் கோபம். முதலைக்குக்கூட ஒரு காலத்தில் அன்பு கிடைத்திருக்கிறது. கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுபவர்கள் ஒரு பெரிய முதலைக்கு பார்னி என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். 400 கிலோ எடை. 2014இல் அது செத்துக் கிடந்தபோது கண்ணில் ஓர் இரும்புத்துண்டு குத்தியிருந்தது. பெயர் வைத்ததும் மனிதக் கைதான்.

எங்கள் புளோக்கில் நடந்ததையும் சொல்கிறேன். ஆறு வருடம் இருக்கும். கீழ்த்தளத்தில் மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மலைப்பாம்புக்குட்டி. என் கைநீளம் இருக்கும், அவ்வளவுதான். சுருண்டு, தலையைச் சுருளுக்குள் செருகி வைத்திருந்தது. அதற்கு விஷம் இல்லை, எலிதான் அதன் தீனி, எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பூச்சி மருந்து அடிக்க வந்த ஒருவர் கையில் கம்பு இருந்தது. நாலு பேர், "அடிங்க, அடிங்க, பிள்ளைங்க விளையாடுற இடம்" என்றார்கள். நான் மின்தூக்கிப் பக்கத்தில் சந்தைப்பையோடு நின்றேன். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மூன்று அடி. அந்த மினுமினுக்கும் தோல் சிமெண்டுத் தரையில் வெகுநேரம் நெளிந்துகொண்டிருந்தது. சந்தைப்பையில் அன்று வாங்கிய முருங்கைக்கீரை வாடும்வரை நான் மேலே போகவில்லை.

அதன்பின் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் கொடுத்தேன். பாம்பு, எலி, சாக்கடை, இதெல்லாம் ஒரு சங்கிலி என்று மின்தூக்கியில் பார்ப்பவர்களிடம் பேசத் தொடங்கினேன். சிலர் கேட்டார்கள். சிலர் ஏழாம் மாடி வந்ததும் நிம்மதியாக இறங்கிப் போனார்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் இன்னொரு பாம்பு வந்தது. பெரியது, இரண்டு மீட்டருக்குக் குறையாது. நான் வேலையில் இருந்தேன். அம்மாதான் கீழே இருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அதில் அம்மா குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தைப் பார்த்து, சீனத்திக்கும் மலாய்க்காரருக்கும் புரியவேண்டுமே என்று பஜார் மலாயில், "ஜாங்கான், ஜாங்கான், பியார் டியா பெர்கி" என்கிறார். வேண்டாம், அதைப் போக விடுங்கள். யாரோ சிரிக்கிறார்கள். யாரோ நாற்காலியை இழுத்து வழிவிடுகிறார்கள். பாம்பு அவசரமே இல்லாமல், ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொண்டு, புல்லைக் கடந்து வடிகால் மூடியின் இடுக்கில் இறங்குகிறது. வால் மறையும்வரை குடை இறங்கவில்லை.

சுங்கை பூலோவில் அன்று அந்தப் பெரியவர், "ஏன் விட்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டாரே. கைகூப்பி முடித்துவிட்டு அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அது இங்கதான் இருக்கு ஐயா. நாமதான் பஸ்ஸு புடிச்சி வந்திருக்கோம்" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. எங்கள் பக்கத்திலேயே கைப்பிடியில் சாய்ந்து நின்றார். நீர் ஏறி முதலையின் வயிற்றைத் தொடும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.